வாசலுக்கு வரச்சொல்லாதவர்கள்

வெள்ளிக்கிழமை இரவு மியூனிக்கில் பஸ் ஏறினோம், நானும் அம்மாவும். சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் வில்லா கொஸ்தான்சா என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தம் அது. அங்கிருந்து டிராம் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து நடு ஊருக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு 68 வயது. சுங்குடிச் சேலைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் நான் வாங்கிக்கொடுத்த கான்வாஸ் ஷூ, தோள்பையில் இரண்டு நாளைக்கான புளியோதரை. விசா முடிய இன்னும் பத்தே நாள். ஊருக்குப் போகும் முன் ஒரு நல்ல கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

நல்ல கோயில்களுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி கட்டிய பெரிய குவிமாடத்தின் கீழே நின்று அம்மா அண்ணாந்து பார்த்தாள், கழுத்து வலிக்கும் வரை பார்த்தாள். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரே ஒரு அறையைப் பற்றி.

கவிஞர் தாந்தேயின் வீடு என்று சொல்லப்படும் கட்டடத்துக்குப் பக்கத்தில் சான் மார்ட்டினோ என்ற சின்ன முற்றம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு கதவு. உள்ளே எங்கள் ஊர் வேதபாட வகுப்பறை அளவுக்கு ஒரு ஜெபக்கூடம். வழியில் போகிறவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். வெளிச்சுவரில் காணிக்கை போடுவதற்கு ஒரு சின்னத் துவாரம். அந்தத் துவாரத்தைப் பார்க்கத்தான் நான் ஃபுளோரன்ஸ் வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

1442-இல் அந்தோனினோ பியெரோஸி என்ற துறவி 12 பேரைக் கூட்டினார். அப்போது அவர் சான் மார்க்கோ மடத்தின் தலைவர். நான்கு வருடம் கழித்து அந்த நகரத்தின் பேராயரானார். ஊரின் ஆறு பகுதிகளுக்கும் பகுதிக்கு இரண்டு பேர் என்று கணக்கு. அவர்களுக்குப் புவோனோமினி என்று பெயர் வந்தது. நல்ல மனிதர்கள் என்று பொருள். அவர்களுக்குக் கொடுத்த வேலை என்னவென்றால், ஊரில் யார் வெட்கத்தால் கேட்காமல் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. தெருவில் கையேந்தி நிற்கிறவர்களுக்கு உதவ அன்றைக்கே வேறு வழிகள் இருந்தன. நேற்று வரை கடை வைத்திருந்தவன், வியாபாரம் நொடித்தவன், அரசியலில் தோற்ற பக்கத்தில் நின்றதால் எல்லாம் இழந்தவன், இவர்களெல்லாம் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடப்பார்கள். 'போவெரி வெர்கொஞ்ஞோசி' என்று இத்தாலிய மொழியில் அவர்களுக்கு ஒரு பெயரே உண்டு. வெட்கப்படும் ஏழைகள்.

அந்தோனினோ வைத்த விதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சொத்து சேர்க்கக் கூடாது. யாராவது வீட்டையோ நிலத்தையோ எழுதிவைத்தால் அதை விற்று, வந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கென்று பெரிய நிதி எதையும் பத்திரப்படுத்தக் கூடாது. கையில் எதுவுமே இல்லாமல் போனால் வாசலில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவைப்பார்களாம். அதைப் பார்க்கும் ஊரார் துவாரத்தில் காசு போடுவார்கள். யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாருக்குப் போகிறது என்பதும் தெரியாது. எல்லாம் தீர்ந்து கடைசி நிலையில் இருப்பதை இத்தாலியர்கள் இன்றும் 'சின்ன விளக்கு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது' என்று சொல்வதுண்டு. அந்தப் பேச்சு இந்த மெழுகுதிரியிலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. அந்தச் சபை 580 வருடம் தாண்டி இன்றும் நடக்கிறது.

இதை நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எதுவும் பேசவில்லை. அவள் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அப்பா கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தார். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழையில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்தது. கருப்பட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளில் தரையெல்லாம் கறுப்புப் பாகு, மேலே ஈ. கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அப்பா பின்வாசல் வழியாகப் போய் இருட்டிய பிறகு திரும்புவார். அதுவரை அறுப்பின் பண்டிகைக்கு மூட்டைக் கருப்பட்டியைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்த குடும்பம் எங்களுடையது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கஷ்டப்படும் குடும்பங்களுக்குச் சேலை கொடுத்தார்கள். மைக்கில் பெயர் வாசித்தார்கள். மூன்றாவதாக அம்மாவின் பெயர். அவளிடம் யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நடுப்பாதையில் நடந்துபோனாள். அந்த நடை இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. சேலையை ஒரு பக்கம் கொடுத்தவரும் ஒரு பக்கம் அம்மாவும் பிடித்தபடி போட்டோ எடுத்தார்கள். வானநீல நிறம், கறுநீலக் கரை. கொடுத்த எல்லாச் சேலையும் அதே நிறம். கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் அந்த நிறத்தைக் கட்டியிருந்தவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். அம்மா அன்றைக்குத் தன் பழைய கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நீலச் சேலையை அவள் கட்டி நான் பார்த்ததே இல்லை. தகரப் பெட்டியின் அடியில் கிடந்து நைந்திருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் வாங்கினார்கள், எங்கள் நிலையைப் பார்த்து மனம் இரங்கித்தான் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே மாதங்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். சொந்தமில்லை, கூப்பிடுவது அப்படி. வாரத்துக்கு இரண்டு தடவை வேலிக்கு மேலாக ஓலைப்பெட்டியை நீட்டுவாள். "முருங்கைக்காய் விலை போகாமக் கெடக்கு, மரத்துலயே காஞ்சு வீணாப் போகுதுட்டி, கொண்டுபோ" என்பாள். மேலே நாலு முருங்கைக்காய் இருக்கும். அதற்குக் கீழே வாழையிலை, இலைக்குக் கீழே இரண்டு படி அரிசி. அரிசியைப் பற்றி அவளும் பேச மாட்டாள், அம்மாவும் பேச மாட்டாள். அம்மா அந்தப் பெட்டியை ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. கொஞ்சம் கறிவேப்பிலை, இல்லையென்றால் கிணற்றடியில் பூத்த பிச்சிப்பூ. அப்புறம் இன்னொன்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று தனி டின்னில் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். ஓலைப்பெட்டியில் வந்த அரிசியிலிருந்தும் அம்மா அந்த ஒரு பிடியை எடுத்துப் போட்டாள். எனக்குப் பசி. ஏன் போடுகிறாய் என்று கோபமாகக் கேட்டேன். "நாமளும் கொடுக்கணும்லா" என்றாள்.

சரி, ஜெபக்கூடத்துக்கு வருகிறேன். உள்ளே சுவரின் மேல்பகுதியில் சுற்றிலும் பத்து அரைவட்ட ஓவியங்கள். 1480 வாக்கில் ஓவியர் கிர்லாந்தாயோவின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் தீட்டியவை என்கிறார்கள். இரண்டு ஓவியங்கள் மார்ட்டினைப் பற்றியவை. ரோமப் படைவீரனான மார்ட்டின், குளிரில் நடுங்கும் பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த கதை. (சேப்பல் என்று நாம் சொல்லும் சொல்லே அந்த மேலங்கிக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்ததுதான்.) மற்ற எட்டிலும் புவோனோமினி வேலை செய்கிறார்கள். பசித்தவர்களுக்கு அப்பமும் திராட்சரசமும், உடையில்லாதவர்களுக்குத் துணி, வழிப்போக்கருக்குத் தங்க இடம். ஒன்றில் கடனுக்காகச் சிறையில் இருந்தவனை மீட்கப் பணம் எண்ணிக் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். கடன் கொடுத்தவர்களுக்கு ஒளிந்து பின்வாசல் வழியாகப் போன அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

அம்மா வேறொரு ஓவியத்தின் கீழே நின்றிருந்தாள். குழந்தை பெற்ற ஒரு பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். பச்சைப்பிள்ளை கூடவே இருக்கிறது. நல்ல மனிதர்கள் குழந்தைக்குத் துணியும் தாய்க்குச் சாப்பாடும் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, இங்க பாரு. பிள்ளை பெத்தவள வாசலுக்கு வரச்சொல்லல. அவியதான் உள்ள வந்திருக்காவ."

நான் அந்த ஓவியத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இது எனக்குத் தோன்றவில்லை. நடந்துபோய் வாங்கினவளுக்குத்தான் அது தெரிகிறது. வெளியே வந்ததும் அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். என் பக்கம் முதுகைக் காட்டி நின்று, எதையோ மடித்து அந்தத் துவாரத்தில் போட்டாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் பெரிய கோயிலின் மணிக்கூண்டுக்கு எதிரே புளியோதரை சாப்பிட்டோம். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அம்மாவுக்கு அது இறங்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் முன்னால் ஆம்புலன்ஸ்கள் நின்றன. அது மிசெரிகோர்தியா என்ற சகோதர சபையின் இடம். 1244-இல் தொடங்கியதாக அவர்கள் கணக்கு. கொள்ளைநோய்க் காலங்களில் நோயாளிகளைத் தூக்கிச் சென்றவர்களும் பிணங்களைச் சுமந்து அடக்கம் செய்தவர்களும் இவர்கள்தான். பல நூற்றாண்டுகளாகக் கறுப்பு அங்கியும் முகத்தை மூடும் முக்காடும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள், கண்ணுக்கு மட்டும் துளை. தூக்கிக்கொண்டு போகிறவன் பிரபுவா தையற்காரனா என்று படுக்கையில் கிடப்பவனுக்குத் தெரியக் கூடாது. இப்போது முக்காடு இல்லை, தன்னார்வலர்கள் சீருடை போட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி கிளம்பிப் போனது.

அங்கிருந்து இன்னோசென்டி குழந்தைகள் இல்லத்துக்கு நடந்தோம். மாசில்லாதவர்கள் என்ற பெயர், ஏரோது அரசன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைத்து வைத்தது. 1410-இல் இறந்த பிராத்தோ ஊர் வியாபாரி பிரான்செஸ்கோ தாத்தினி ஃபுளோரன்ஸில் அநாதைக் குழந்தைகளுக்காக ஒரு இல்லம் கட்ட 1,000 ஃபுளோரின் தங்கக்காசு எழுதிவைத்தார். பட்டு வியாபாரிகளின் சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்று, 1419-இல் புருனெலெஸ்கியைக் கொண்டு வேலையைத் தொடங்கியது. 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை, அகத்தா என்று பெயரிட்டார்கள். பின்னாளில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் இருந்தது. கைக்குழந்தை மட்டும் நுழையும் அளவு இடைவெளி. வைத்துவிட்டுப் போகிறவளின் முகத்தை உள்ளே இருப்பவர்கள் பார்க்க மாட்டார்கள். 1875-இல்தான் அதை மூடினார்கள். இன்னோசென்டி, நொசென்டினி என்று குடும்பப் பெயர் உள்ள இத்தாலியர்களைப் பார்த்தால், அவர்களுடைய ஏதோவொரு பாட்டனோ பாட்டியோ இப்படிப்பட்ட ஒரு இல்லத்தில் வளர்ந்தவர்களாக இருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. குழந்தையோடு தாய்மார் வைத்துவிட்டுப் போன பொருட்கள் அவற்றில் உள்ளன. பாதியாக வெட்டிய பதக்கங்கள். ஒரு பாதி பிள்ளையோடு, மறுபாதி தாயின் கையில். என்றைக்காவது திரும்பி வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து இவள்தான் தாய் என்று அறியலாம். மாதாவின் உருவம் இடுப்போடு அறுபட்டிருந்த ஒரு பாதியை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். வெட்டிய ஓரம் நேராக இல்லை. வீட்டில் இருந்த ஏதோ கத்தியால் கஷ்டப்பட்டு அறுத்திருக்கிறார்கள்.

"டோனாவூர் அம்மாய்கிட்ட வந்த பிள்ளைங்களுக்கு இதுகூட இருந்திருக்காது" என்றாள். அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேலைத்தான் சொன்னாள். எங்கள் பக்கத்துக்கு வந்து, 1901 முதல் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்து, 1951-இல் அங்கேயே கண்மூடியவர். பணம் வேண்டுமென்று யாரிடமும் கேட்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தவர். தன் கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து அதில் 'அம்மாய்' என்று மட்டும் எழுதினார்கள். அம்மா சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு மத்தியானம் ஆர்னோ ஆற்றைத் தாண்டி கார்மினே கோயிலுக்குப் போனோம். அங்கே பிராங்காச்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சம் பேராகத்தான் உள்ளே விடுவார்கள், நேரமும் குறைவு. பீடத்தின் இரு பக்கமும் மசாச்சியோ தீட்டிய இரண்டு ஓவியங்கள், 1420-களின் நடுவில். இடது பக்கம் இயேசுவின் சீடர் பேதுரு தெருவில் நடந்து போகிறார்; அவருடைய நிழல் பட்டு முடவர்கள் எழும்புகிறார்கள். அவர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலது பக்கத்தில் இருப்பது வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம், ஐந்தாம் அதிகாரங்கள். நிலத்தை விற்ற பணத்தை விசுவாசிகள் கொண்டுவந்து வைக்க, பேதுரு அதை இல்லாதவர்களுக்குப் பகிர்கிறார். எளிய உடையில் ஒரு பெண், இடுப்பில் அரைத்துணி இல்லாத குழந்தை. பேதுரு காசைக் கொடுக்கிறார், அவள் கையை நீட்டி வாங்குகிறாள். அவர்களுடைய காலடியில், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்து வைத்த அனனியா செத்துக் கிடக்கிறான்.

சின்ன வயதில் வேதபாட வகுப்பில் அனனியா கதையைக் கேட்டபோது, காணிக்கையில் குறைத்தால் கர்த்தர் அடிப்பார் என்று புரிந்துகொண்டேன். அந்தப் பயம் வெகுகாலம் இருந்தது. ஆனால் பேதுரு அவனிடம் கேட்பது வேறு. விற்கும் முன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்தது. மார்ட்டினும் பாதி அங்கியை வைத்துக்கொண்டவர்தான். அனனியா ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்தவன் என்ற பெயரை வாங்கப் பார்த்தான். அவனுக்கு முன் பர்னபா என்பவர் நிலத்தை விற்றுக் கொடுத்ததைச் சபையே பார்த்தது. அந்தப் பார்வை இவனுக்கும் வேண்டியிருந்தது.

அங்கே நின்றபோது எனக்கு உடம்பு வியர்த்தது. மூன்று வருடத்துக்கு முன் ஊரில் 40 பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் ஒரே நிறம். பின்பக்கம் அப்பாவின் பெயரும் 'நினைவாக' என்ற சொல்லும் அச்சடித்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பையின் பின்பக்கம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதை எல்லோருக்கும் அனுப்பினேன். அப்பாவின் மேல் உள்ள அன்பில்தான் செய்தேன், அது பொய்யில்லை. ஆனாலும் அந்த நீலச் சேலையைத்தான் நான் 40 பிள்ளைகளின் முதுகில் மாட்டியிருக்கிறேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அது இலவசமாக வந்த பை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று மனப்பாட வசனமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான்.

வெளியே முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க சந்தோசமாத்தான் இருந்துச்சு. நல்ல பைதான்" என்றாள். பிறகு, "இனிமே பேரு போடாத" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லாம்மா."

"உங்கப்பா பேருல்லா. எப்படிச் சொல்ல?"

மியூனிக் வந்த பிறகு ஊருக்குப் போன் செய்தேன். இந்த வருடம் பையில் எதுவும் அச்சடிக்க வேண்டாம், பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்களோடு கடைக்குப் போய்ப் பிடித்த நிறத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பில்லை மட்டும் எனக்கு அனுப்புங்கள் என்றேன். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தவறைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாயிறு இரவு மறுபடியும் அதே நெடுஞ்சாலை ஓர நிறுத்தம், அதே பஸ். விளக்கை அணைத்துவிட்டார்கள். பின்னால் இருந்த ஆள் ஏற்கெனவே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருடம் கேட்காததை இருட்டில் கேட்டேன்.

"அம்மா, அந்த நீலச் சேலை இன்னும் பெட்டியில இருக்கா?"

"எந்த நீலச் சேலை?"

"கோயில்ல கொடுத்தாங்கள்லா. அப்பா கடை போன வருசம்."

"அதுவா." ஸ்வெட்டரைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அது எங்க இருக்கு? மறுவாரமே கொடுத்துட்டேன். கீழத்தெருவுல ஒருத்தி பிள்ளை பெத்திருந்தா. தொட்டில் கட்டத் துணியில்ல. ராத்திரி போயிக் கட்டிக் கொடுத்துட்டு வந்தேன்."

"யாரும்மா அது?"

"அது எதுக்கு உனக்கு?"

நான் மேலே கேட்கவில்லை. பஸ் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"அந்தப் பிள்ளைக்கே இப்ப ரெண்டு பிள்ளை இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு மடியில் இருந்த டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த புளியோதரையை என் பக்கம் நீட்டினாள்.